நெடுந்தூரப் பயணத்தில் ட்ரக்கின் ஸ்பார்க் பிளக் கெட்டுப்போனால்: எதை முதலில், எதைப் பிறகு

பெட்ரோலிலோ, எல்.பி.ஜி., சி.என்.ஜி. போன்ற வாயுவிலோ ஓடும் பிக்கப், இலகு ரக ட்ரக்குகளுக்கான வழிகாட்டி இது. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருக்கும் குளோ பிளக்கின் வேலையும் வேறு, கோளாறும் வேறு.

வீட்டு வாசலில் நிதானமாக பிளக் மாற்றத் தெரிந்தவர்கள்கூட பட்டறை கண்ணில் படாத சாலையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வேலை தெரியும், வரிசைதான் மாறிவிடுகிறது. பானட்டைத் திறந்ததும் கொதிக்கிற எஞ்சினில் ராட்செட்டை வைத்துவிடுகிறார்கள். ஒரு பிளக்கோடு முடிந்திருக்க வேண்டியது மரை போன ஹெட்டாக (பிளக் திருகி உட்காரும் எஞ்சின் மேல்பகுதி) மாறுவது அங்கேதான்.

1. அறிகுறியைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள்

எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும் (ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல் போகும்), ஐடிலிங்கில் வண்டி உதறும், மேட்டில் இழுக்காது. பெரும்பாலும் முதலில் தெரிவது மேட்டில்தான். லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக் சமதரையில் சமாளித்துவிட்டு மேட்டில் கைவிடுவது இதனால்தான். டிரெய்லர் இழுத்துக்கொண்டு போனால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மினுக்குகிறதா என்று கவனியுங்கள். நிலையாக எரிந்தால், பார்த்து நிறுத்தக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மினுக்கினால், எரியாத எரிபொருள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதை நாசமாக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள்.

'பட்' என்று ஒரு வெடிச்சத்தம், அதன் பிறகு எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப 'டக் டக்' என்று காற்று அடிக்கும் சத்தம் கேட்டால், பிளக் மரையோடு தெறித்து வெளியே வந்திருக்கலாம். எஞ்சினை அப்போதே அணைத்துவிட்டு, 9-ஆம் பகுதிக்குப் போங்கள். அந்தத் துளை வழியாக எரிபொருள் கலந்த காற்று சூடான எஞ்சின் மேல் அடித்துக்கொண்டிருக்கும். தீப்பிடிக்க அது போதும்.

2. நிறுத்தும் இடம், ஆறவிடும் நேரம்

சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, சமதரையில் நிறுத்துங்கள். அபாய விளக்கு, பின்னால் முக்கோணப் பலகை, ஹேண்ட் பிரேக். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். மிஸ்ஸிங்கோடு ஓடிவந்த வண்டியின் கன்வெர்ட்டர் வழக்கத்தைவிட மிக அதிகச் சூடாக இருக்கும். கீழே இருக்கும் சருகு பற்றிக்கொள்ளும்.

அடுத்து, காத்திருங்கள். இன்றைய எஞ்சின்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் அலுமினிய மரை மிருதுவாகிவிடும். அந்த நிலையில் திருகினால் பிளக்கோடு சேர்ந்து மரையும் உரிந்து வரும். வால்வு கவர் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டாம். சூடான உலோகம் கோணிக்கொள்ளலாம், பிளக் குழிகளிலும் தண்ணீர் தேங்கும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்துவிடக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஸ்கேனரை மாட்டி, வண்டியின் கணினி பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிப்பது. அது 4-ஆம் பகுதியில்.

3. கையில் இருக்க வேண்டியவை

சாலையில் நின்றபின் இந்தப் பட்டியலைப் படிப்பவருக்குப் பயன் குறைவுதான். கிளம்பும் முன் பெட்டியில் போட்டுவையுங்கள்.

- ஸ்பார்க் பிளக் சாக்கெட். 16 மி.மீ., 21 மி.மீ. இரண்டும் அதிகம் புழங்குபவை. சில புதிய எஞ்சின்களுக்கு மெல்லிய சுவருள்ள 14 மி.மீ. வேண்டும். உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்க வேண்டும். சாதாரண சாக்கெட் பிளக்கைப் பிடிக்காது, பீங்கானை உடைக்கும்.
- ராட்செட், நீளமும் குட்டையுமாக எக்ஸ்டென்ஷன்கள், ஒரு யூனிவர்சல் ஜாயின்ட்
- டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருக), கம்பி வகை கேப் கேஜ் (பிளக் நுனியின் இடைவெளியான கேப்பை அளக்க)
- உங்கள் எஞ்சினுக்கான பிளக் 2, காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) 1
- பிளக்கின் பீங்கான் மேல் இறுக்கமாக ஏறும் ரப்பர் டியூப், ஒரு சாண் நீளம்
- ஓபிடி ஸ்கேனர், டார்ச், மரை இளக்கும் எண்ணெய், டயலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாதது)
- குழியை ஊத ஏதாவது: காற்று கேன், கைப்பம்பு, கடைசிக்கு ஒரு நீளக் குழாய்

புது பிளக்குகளை அட்டைக் குழலை விட்டு எடுக்காமல் வையுங்கள். பெட்டிக்குள் உருண்டு நுனி அடிபட்டால் கேப் மாறிவிடும். முன்பு மாற்றியபோது நல்ல நிலையில் கழற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவசரத்துக்கு அதுவே வண்டியை ஊர் சேர்க்கும்.

4. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். எட்டு சிலிண்டர் எஞ்சினில் எட்டு பிளக்கையும் சாலையோரத்தில் கழற்றினால், மரை போவதற்கும் கிளிப் உடைவதற்கும் எட்டு வாய்ப்பு. ஹெமி 5.7 லிட்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 பிளக். அதையெல்லாம் வெயிலில் நின்று கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஸ்கேனரில் பி0301 வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங். பி0300 மட்டும் தனியாக வந்தால், பிளக்கைத் தொடும் முன் எரிபொருள் அழுத்தம், காற்றுக் கசிவு, மட்டமான பெட்ரோல் என்று வேறு திசையில் யோசியுங்கள். எல்லாப் பிளக்கும் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

கோடில் வரும் எண் எந்த சிலிண்டர் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. ஃபோர்டு வி8-இல், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் வலப்பக்க வரிசை 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. ஜி.எம். வி8-இல் இடப்பக்கம் 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. இது தெரியாமல் நல்ல சிலிண்டரில் புது பிளக்கை மாட்டிவிட்டு, 'மாற்றியும் சரியாகவில்லையே' என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. உங்கள் எஞ்சினின் எண் வரிசையை ஒரு தாளில் வரைந்து பானட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

ஸ்கேனர் இல்லையா? எஞ்சினை அணைத்து, ஒரு காயிலின் சிறிய மின் கனெக்டரை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கைக் கேளுங்கள். உதறல் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். ஒவ்வொன்றையும் சில நொடிகள் மட்டும் பாருங்கள், ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்தபின் கனெக்டரைத் தொடுங்கள். ஓடும் எஞ்சினில் காயிலையோ பிளக் ஒயரையோ உருவவே கூடாது. அங்கே இருப்பது பல்லாயிரம் வோல்ட்.

5. பிளக்கா, காயிலா?

சிலிண்டர் தெரிந்ததும் பிளக்கைக் கழற்றப் போகாதீர்கள். காயிலை மாற்றிப் பார்ப்பது அதைவிடச் சுலபம், ஆபத்தும் குறைவு.

மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை அணைத்து, மூன்றாவதின் காயிலையும் எட்ட வசதியான வேறொன்றின் காயிலையும், ஐந்தாவது என்று கொள்வோம், இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓடவிடுங்கள். பி0305 வந்தால் காயில்தான் கெட்டது, பிளக்கைத் தொட வேண்டாம். மறுபடியும் பி0303 வந்தால் பிளக், அல்லது இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சுவது), அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்). அவற்றில் பிளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காயிலை நேராக இழுத்தால் அடியில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து குழிக்குள் மாட்டிக்கொள்ளும். இடமும் வலமுமாக லேசாகத் திருகி, ஒட்டு விட்டபின் இழுங்கள். கனெக்டரின் பூட்டு சூட்டில் வெந்து மொறுமொறுவென்று இருக்கும், நகத்தால் மெதுவாக. ரப்பர் பூட்டில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மெல்லிய கீற்று தெரிந்தால், பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் எஞ்சின் உடலுக்குத் தாண்டுகிறது. அப்படியானால் ரப்பர் பூட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதில் இருக்கும் தடம் புதியதையும் கெடுக்கும்.

பழைய வகை ஒயர் எஞ்சின் என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒயர். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று தேடுவது இன்னொரு கோளாறை விலைக்கு வாங்குவது.

6. பிளக்கைக் கழற்றுதல்

எஞ்சின் ஆறிவிட்டதா? சரி. டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. தண்ணீர் என்றால் மழையோ, எஞ்சினைக் கழுவியதோ. இரண்டுமே மிஸ்ஸிங்குக்குத் தனிக் காரணங்கள். துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துக் காய வையுங்கள். சில சமயம் வேலை அதோடு முடிந்துவிடும்.

குழியை நன்றாக ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். மணல் முகத்தில்தான் வரும். பிறகு சாக்கெட்டை நேராக இறக்கி, கால் சுற்று மட்டும் இளக்கி, வெளியே எடுத்து மறுபடி ஊதுங்கள். பிளக்கின் அடியில் ஒளிந்திருந்த மண் அப்போதுதான் இளகும். பிளக்கை எடுத்தபின் அது விழுந்தால் நேராக சிலிண்டருக்குள்.

இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். எண்ணெயைக் கொஞ்சம் விட்டுக் காத்திருங்கள். கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கி, முன்னும் பின்னுமாக. மரையில் ஒட்டிய கரி பொடியாகி வெளியேற இதுதான் வழி. ஒரே மூச்சில் இழுத்தால் அந்தக் கரியே மரையைச் சீவிவிடும். சீராக இளகிவந்த பிளக் நடுவில் திடீரென்று இறுகினால் நிறுத்துங்கள். அங்கிருந்து முன்னேறுவது நல்ல பட்டறையின் வேலை.

7. கழற்றிய பிளக்கைப் பாருங்கள்

புது பிளக் போடுவதற்கு முன் பழையது ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சில நூறு கிலோமீட்டரில் புதியதும் அதே வழியில் போகும்.

வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எரிதல் சரியாக இருக்கிறது. தேய்மானமோ பீங்கான் விரிசலோ இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்ரோல் நனைந்து வந்தால் அங்கே பொறியே விழவில்லை. உலர்ந்த கருங்கரி என்றால் எரிபொருள் அதிகம், அல்லது நீண்ட நேர ஐடிலிங். பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் தன் கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். பிசுபிசுப்பான எண்ணெய்க் கரி எஞ்சினின் உள் தேய்மானத்தைக் காட்டுகிறது; புது பிளக் வீடு வரை கொண்டுவிடும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு. தவறான பிளக், குறைந்த எரிபொருள் கலவை, கூலிங் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். நுனியில் பளபளக்கும் உலோகத் துகள்கள் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனிலிருந்து வந்திருக்கக்கூடும். அதோடு ஓட்ட வேண்டாம்.

மிக முக்கியமானது: பீங்கான் முழுதாக இருக்கிறதா, பக்கக் கம்பி இருக்கிறதா? ஏதாவது துண்டு காணவில்லையென்றால் அது சிலிண்டருக்குள் கிடக்கலாம். செல்ஃப் அடிக்காதீர்கள். பீங்கான் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். போனிலிருந்து பார்க்கும் மெல்லிய கேமரா இருந்தால் உள்ளே பாருங்கள். இல்லையென்றால் வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே மலிவு.

8. புது பிளக்கைச் சரிபார்த்து மாட்டுதல்

மரையின் விட்டம், மரையின் நீளம், உட்காரும் விதம், வெப்ப எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்கு இறக்கும் என்பது) ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரை நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும். குறைந்தால் காலி மரையில் கரி பிடிக்கும்.

வேறு பிராண்டுதான் கிடைக்கிறது என்றால் வெப்ப எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான வகை. பொருத்த அட்டவணையில் உங்கள் எஞ்சினுக்கு எதிரே இருக்கும் முழு எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேப்பை அளந்து பாருங்கள், கையேட்டில் சொன்னதற்கு. வாயுவில் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் சற்றுக் குறைந்த கேப் வேண்டும், வாயுக் கலவையில் பொறி தாண்டுவது கடினம் என்பதால். இரிடியம் பிளக் என்றால் நடுமுனையில் எதுவும் படக் கூடாது. ஊசி மாதிரி இருக்கும் அந்த முனை சட்டென்று உடையும். கேப்பை மாற்ற வேண்டுமென்றால் பக்கக் கம்பியை மட்டும் வளையுங்கள்.

இப்போது அந்த ரப்பர் டியூப். பிளக்கின் பீங்கான் முனையை அதில் செருகி, குழிக்குள் இறக்கி, முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். மரை மரையில் விழும் சிறு அசைவு விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம். மரை ஏறுமாறாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், அதனால் ஹெட்டுக்குச் சேதமில்லை. ராட்செட்டால் தொடங்கியிருந்தால் அந்த எச்சரிக்கை கிடைத்திருக்காது. கடைசி வரை கையாலேயே இறங்க வேண்டும்.

இறுக்கம்: வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு 10 முதல் 20 என்பது பொதுவான அளவு. கையேடு வேறு சொன்னால் கையேடுதான். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், கையால் இறுகியபின் புது வாஷர் பிளக்கை அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று; கூம்பு வகையை வெறும் பதினாறில் ஒரு சுற்று. இந்த இரண்டையும் குழப்பிக் கூம்பு பிளக்கை அரைச் சுற்று திருகி மரையை உரித்தவர்கள் உண்டு. தளர்வாக விட்டாலும் வினைதான்: பிளக் தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்க முடியாமல் வெந்துபோகும், நாளடைவில் கழன்றும் வரும்.

மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை இறுகிப்போகாமல் தடவும் பசை) தடவ வேண்டுமா என்று கேட்பார்கள். என்.ஜி.கே. போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பூச்சுள்ள பிளக்குகளுக்கு வேண்டாம் என்கிறார்கள். வழுக்கும் மரையில் அதே டார்க் அளவு அதிக இறுக்கமாகிவிடும். டயலெக்ட்ரிக் கிரீஸ் மட்டும் ரப்பர் பூட்டின் உள்வாயில் மெல்லியதாக.

9. தெறித்த பிளக், உடைந்த பிளக்

தெறித்த பிளக்கின் மரையைப் பாருங்கள். அதில் அலுமினியச் சுருள் சுற்றியிருந்தால் ஹெட்டின் மரை வந்துவிட்டது. சுத்தமாக இருந்தால் தளர்ந்து கழன்றிருக்கலாம். டியூபால் கையால் இறக்கிப் பாருங்கள். முழுதாக இறங்கி, அளவான இறுக்கத்தில் நின்றால் மெதுவாகக் கிளம்பலாம். காயிலையும் சோதியுங்கள், பிளக் தெறிக்கும்போது அதையும் உடைத்திருக்கும்.

மரை போயிருந்தால் டேப் சுற்றி, பசை பூசி, சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் யோசனைகளை விட்டுவிடுங்கள். மறுபடி தெறிக்கும், மிச்ச மரையும் போகும். சரியான வழி, துளையை மறுமரை போட்டு உலோக இன்செர்ட் பொருத்துவது. ஹெட்டைக் கழற்றாமலே செய்யலாம். கம்பிச் சுருள் வகையைவிடக் கெட்டியான குழல் வகை இன்செர்ட் இந்த இடத்துக்கு நல்லது. மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, பல முறை வெளியே எடுத்துத் துடைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சீவல் உள்ளே விழாமலிருக்க அதுதான் வழி.

ஃபோர்டின் 5.4 லிட்டர் ட்ரைட்டன் இதற்குப் பேர்போனது. இரண்டு வால்வு வகையின் பழைய ஹெட்களில் பிளக்கைப் பிடிக்கும் மரைகளே குறைவு, அதனால் தெறிக்கும். மூன்று வால்வு வகையில் பிளக்கின் கீழ்ப்பாதி உடைந்து ஹெட்டிலேயே தங்கிவிடும், அதை எடுக்கத் தனிக் கருவி உண்டு. இந்த எஞ்சின் உங்களுடையது என்றால் சாலையில் பிளக்கைத் தொடவே வேண்டாம் என்பேன்.

10. மாற்று பிளக் இல்லாதபோது

செத்த சிலிண்டரின் பிளக் மரையில் உறுதியாக இருந்தால், அருகிலிருக்கும் ஊர் வரை ஊர்ந்து போகலாம். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் மின் கனெக்டரை எஞ்சின் அணைந்த நிலையில் எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்கும், சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலுக்கும் போவது நிற்கும். எரிபொருள் குழாயைக் கழற்றாதீர்கள், கனெக்டர் மட்டும். இன்ஜெக்டர் கோடு ஒன்று புதிதாக வரும், பொருட்படுத்த வேண்டாம்.

இதை நெடுந்தூரத்துக்கு நம்பக் கூடாது. எரியாத சிலிண்டரிலிருந்து வெறும் காற்று வெளியேறுவதால், ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் குறைவு என்று நினைத்து மற்ற சிலிண்டர்களுக்கு அதிகம் ஊற்றச் சொல்லும். டிரெய்லரை இறக்கிவிட்டு, மிதமான வேகத்தில், மேடு குறைந்த பாதையில் போங்கள். பிளக் துளை திறந்திருந்தால் இந்த வழி கிடையாது, இழுத்துத்தான் போக வேண்டும்.

பிளக் பெட்ரோலில் நனைந்து வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லையென்றால், ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலும் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், பிளக் உலரும்.

11. தெரியாத பட்டறைக்குப் போனால்

கிளம்பும் முன்பே போன் செய்து எஞ்சின் அளவு, மாடல் ஆண்டு, பழைய பிளக்கில் அச்சடித்த எண் மூன்றையும் சொல்லுங்கள். பிளக்கின் படத்தையும் அனுப்புங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபின் சாமான் தேடுவது அரை நாளைத் தின்னும். 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். 'மூன்றாவது சிலிண்டர், காயிலை மாற்றிப் பார்த்துவிட்டேன், கோடு நகரவில்லை' என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். கழற்றியதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு முன்பைவிட ஏறியிருந்தாலோ, ஆயிலை மாற்றியபிறகுதான் நெடுஞ்சாலை ஏற வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. கோடை அழித்து, சற்றுத் தூரம் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்து, மறுபடி ஸ்கேனரைப் பாருங்கள். அன்று இரவு நிறுத்தும் இடத்தில், எஞ்சின் ஆறியபின், மாற்றிய பிளக்கின் காயில் போல்ட்டையும் கனெக்டர் பூட்டையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.